வலிப்புப் புத்தகத்தில் எழுதக் கூடாதது

ஜனவரி 11

இதில் நான் எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. நெஞ்சில் கை வைத்து உறுதி கூறுகிறேன். வின்னிபெக் ஆஸ்பத்திரி நர்ஸ் இவோன் கொடுத்த புத்தகம் இது. "வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தன நிமிஷம். அவ்வளவுதான் எழுதணும், ஓரெஸ்ட்" என்றாள். அவ்வளவுதானா? கனடாவின் மனிடோபா மாகாணத்திலேயே தலைசிறந்த வலிப்புக்காரனிடமா இந்தப் பேச்சு?

இன்று காலை பத்தேகால். தேவாலயக் கூடத்தில் ஐந்நூறு பெண்கள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். (சரி, பதினொன்று.) நான் விழுந்த வேகத்தில் பீட்ரூட் சூப் அண்டா எழும்பிப் பறந்து பாதிரியாருக்கே ஞானஸ்நானம் செய்துவைத்தது. இரண்டு நிமிஷம். அண்டா பறந்த நேரம் தனி.

ஜனவரி 19

ஐஸ் ஹாக்கி மைதானத்து மேலாளர் லைல் வந்தான். இருபத்திரண்டு வருஷம் ஐஸ் மெழுகும் வண்டி ஓட்டிய எனக்கு இனி வண்டி கிடையாது. டாக்டரிடம் வலிப்பைப் பற்றி உண்மை சொன்னேன், லைசென்ஸ் போயிற்று. என் தப்பு.

"டிக்கெட் கிழிக்கிற வேல இருக்குடா."

"சக்கரவர்த்தியக் கூப்பிட்டு வாசல்ல நிக்க வெக்கிறியா?"

"மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் போற வண்டிக்குச் சக்கரவர்த்தியாம்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம். எதற்கு?

ஜனவரி 27

வலிப்பு இல்லை. மாத்திரை மாற்றி மூன்று வாரம். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 2

தங்கை மகள் லரிசா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, குளிச்சு எத்தன நாளாச்சு?"

"கரடி குளிர்காலத்துல குளிக்குமா கண்ணு?"

"கரடி தூங்கவாவது செய்யும். நீங்க அதுவும் இல்ல."

பதில் தயாராக இருந்தது. சொல்லச் சலிப்பாக இருந்தது.

பிப்ரவரி 8

நான் இல்லாவிட்டால் லரிசாவுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும். செத்தால் தேவலை என்று மூன்று நாளாக. வேடிக்கையாக எழுத வரவில்லை.

பிப்ரவரி 14

லரிசா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காத்திருக்கும் அறையில் ஒரு தாள் கொடுத்தார்கள். மனசைப் பற்றி ஆறு கேள்வி. சந்தோஷம் போய்விட்டதா, சாக வேண்டும் போலிருக்கிறதா, இப்படி. ஆறுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று ராஜமுத்திரை குத்தினேன். இந்தக் கட்டடத்தில் ஒருமுறை உண்மை சொல்லி லைசென்ஸைக் கொடுத்தாயிற்று. இன்னொரு முறை சொன்னால் என்னையே பூட்டிவைப்பார்கள்.

"வலிப்பு எழுதின புத்தகம்?" என்றாள் இவோன். பெருமையாக நீட்டினேன். அட மடையா! அண்டா பறந்த பக்கத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். புரட்டினாள். சிரிப்பு நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது — அந்தப் பக்கம் —

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தாள்ல ஒண்ணு, இங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க. நேராவே கேக்கறேன். சாகணும்னு தோணுதா?"

எந்தக் கேள்விக்கும் பத்துப் பொய் கைவசம் உள்ளவன் நான். ஒன்றும் வரவில்லை.

"ஆமா."

"சொன்னீங்களே, அதுவே நல்லது. இங்க வர்றவங்கள்ல நெறைய பேருக்கு இது உண்டு. வலிப்பு வர்ற மூளைதானே மனசையும் சுமக்குது. புது மாத்திரையும் காரணமா இருக்கலாம்."

"அப்ப நாளைலேர்ந்து நிறுத்திடறேன்."

"நீங்களா நிறுத்தினா இன்னும் பெரிய வலிப்பு வரும். டாக்டர் இன்னைக்கே பாப்பார். வெளிய ஒக்காந்திருக்கிற பொண்ணைக் கூப்பிடட்டுமா?"

தலையாட்டினேன். லரிசா அந்தப் பக்கத்தைப் படித்தாள். அழுவாள் என்று பார்த்தால், "என் ஞாயித்துக்கெழம எனக்கு வேணுமா வேணாமான்னு நீங்க யாரு சொல்றதுக்கு?" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியின் எட்டு மாடியும் ஆடின. அப்புறம்தான் அழுதாள். நானும்.

யாரும் பூட்டவில்லை.

மார்ச் 2

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார்கள். புதன்கிழமைதோறும் மனநல ஆலோசகரோடு பேச்சு. என் ஜோக் எதற்கும் சிரிக்காத முதல் பிறவி அவர், விடுவதாக இல்லை. அந்த எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் லரிசாவைக் கூப்பிடுவது என்று ஒப்பந்தம். இரண்டு தரம் கூப்பிட்டேன். இரண்டு தரமும் எடுத்தவுடன் திட்டினாள், பிறகு ஒரு மணி நேரம் பேசினாள்.

மார்ச் 15

லைல் சொன்ன வேலைக்கே போய் மைதான வாசலில் பதினேழாயிரம் டிக்கெட் கிழித்தேன். ஊரில் இருப்பதே தொள்ளாயிரம் பேர்.

மார்ச் 28

மறுபடி இவோன், மறுபடி ஆறு கேள்வி. சாக வேண்டும் போலிருக்கிறதா என்பதற்கு 'எப்போதாவது' என்று போட்டேன்.

இந்தப் புத்தகத்தில் பறந்தது, ஆடினது எல்லாமே என் புளுகு. அந்த 'எப்போதாவது' மட்டும் நிஜம்.