மாத்திரை மட்டும்

மேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் திவ்யாவுக்கு அம்மா முத்துமீனா எழுதுவது.

மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நடுக்குவாதக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நடை தேறுகிறதா என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடப்பதும், அப்பா அதில் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு மாத்திரையோடு பயிற்சி. மீதிப் பேருக்கு இப்போதைக்கு மாத்திரை மட்டும், ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் பயிற்சி. யார் எதில் என்று கம்ப்யூட்டர் பிரித்தது. அப்பாவுக்குப் பயிற்சி கிடைத்தது. கூடவே சேர்ந்த பக்கத்துத் தெருக் காளை மாமாவுக்கு மாத்திரை மட்டும்.

பயிற்சி தருகிற பெண் ஸ்ரீலக்ஷ்மி தரையில் கலர் டேப் ஒட்டி, கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். வாசலில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவாரே, அது குறைந்தது. ஓடுகிற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கொடுத்த மனுஷன் இல்லையா, முகத்தில் தெரியாவிட்டாலும் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காளை மாமா, "எனக்கும் சொல்லிக் குடு மாப்ள, அம்புட்டு நாள் எவன் காத்திருக்கது" என்று கேட்டிருக்கிறார். இவரும் அவர் வீட்டுப் பின்பக்கத்தில் டேப் ஒட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மாமா வீட்டுச் சின்னத்தாய் அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வாரம் அத்தை சந்தைக்குப் போயிருந்தபோது மாமா தனியாக நடந்து பார்த்திருக்கிறார். திரும்பும்போது கால் பின்னி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை. சளி கட்டிவிடக் கூடாதே என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விஷயத்தை அப்பா என்னிடம் சொன்னபோது முகம் அசையவே இல்லை. இந்த நோயில் அவர் பயப்படுகிறாரா, அழுகிறாரா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதில்லை. எனக்கு அதுவே பெரிய பயம்.

ஸ்ரீலக்ஷ்மியிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. "ஆளுக்கு ஆள் தடுமாற்றம் வேற, ஐயா. அதப் பாத்துத்தான் பயிற்சி குடுப்போம். பக்கத்துல ஆள் இல்லாம நடக்க விடவே மாட்டோம்" என்றாள். டாக்டரிடமும் தெரிவித்தாள். நடந்ததை ஆராய்ச்சியில் குறித்துக்கொண்டு, அப்பாவைத் தொடர்ந்து வரச் சொன்னார்கள். இவர்தான் போகமாட்டேன் என்கிறார். மறுபடியும் வாசலில் கால் ஒட்டுகிறது. பாத்ரூமுக்கு எழுந்தாலே நானும் பின்னாலேயே போகிறேன். பயிற்சியை விட்டதாலா, மனசு விட்டதாலா, யாரைக் கேட்பது?

அத்தையோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே நல்லா நடக்குறாகளா மதினி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எங்களால் தாங்க முடியவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் அப்பாவுக்குக் கால் நகரவில்லை. அங்கேயே நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தை, "அவரு எந்திரிச்சு நடக்கட்டும்ணே. அப்பறம் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. பயிற்சிக்குப் போங்கப்பா என்று மட்டும் சொல். நீ சொன்னால் ஒருவேளை கேட்பார்.

அங்கே சாமி கும்பிடும்போது முதலில் காளை மாமாவுக்காக வேண்டிக்கொள் தாயி. அப்பாவுக்கு அதற்கப்புறம் வேண்டிக்கொள்ளலாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா