உங்கள் வாசலுக்குத் திருப்பிய மழைநீர்

அம்மா,

இன்று மத்தியானம் கொட்டாஞ்சேனையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது முதல் தூறல் விழுந்தது. கொதித்துக் கிடந்த தாரிலிருந்து ஆவி எழும்பி மூக்கில் ஏறியது. என் கை தானாகப் போனை எடுத்து உங்கள் இலக்கத்தைத் தேடியது. பெயரை அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன். அழுத்தப்போன விரல் நடுவில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வேலையிலும் மனம் ஒட்டவில்லை.

வானம் இருண்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. உங்களுக்கும் அப்படித்தான். கொடியிலிருந்து துணியை எடுப்பீர்கள். ஜன்னலைச் சாத்துவீர்கள், திறந்து எட்டிப் பார்ப்பீர்கள், மறுபடி சாத்துவீர்கள். "ஒரு இடத்தில இருங்கோவன்" என்றால், "நான் இருந்தா மழை நிக்குமோ?" என்பீர்கள்.

எங்கள் கம்பனிக்கு உங்கள் வீதியின் நடைபாதை வேலை கிடைத்ததை வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி விற்பவர்வரைக்கும் சொல்லி வைத்தீர்கள். எனக்கோ பயமாக இருந்தது. நான் ஓடி விளையாடிய வீதி அது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கி, ரயில் பாதையின் மேட்டில் முட்டி நிற்கும். மேட்டுக்கு அடியில் உள்ள மதகு வழியாகத்தான் மழைநீர் கடலுக்குப் போக வேண்டும். ஓரத்து வடிகாலான கான் திறந்து கிடந்த காலத்தில் தண்ணீர் கண்ட இடத்தில் இறங்கி ஓடியது. அதை மூடி மேலே நடைபாதை போட்டால், தண்ணீர் இறங்குவதற்கென்று கம்பி மூடி போட்ட வாய்கள் வைக்க வேண்டும். பள்ளம் எங்கேயோ வாயும் அங்கே. நம் பக்கத்தில் அந்தப் பள்ளம் அடுத்த வீட்டுத் தில்லையம்பலம் மாமாவின் கேற்றுக்கு நேர் முன்னால் இருந்தது.

நான் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டிருக்கும்போதே மாமா வெளியில் வந்துவிட்டார்.

"பிள்ளை, இது என்ன குறி?"

"தண்ணி இறங்கிற இடம் மாமா. கம்பி மூடி போடுவம்."

"என்ர வாசலிலயோ? மாமி முன்னறையில படுத்த படுக்கையாக் கிடக்கிறா. கான் நாத்தம் முழுக்க அவவுக்கோ?"

"பள்ளம் இஞ்சதானே இருக்கு."

"கொம்மா வீட்டு வாசலா இருந்தா வைப்பியோ?"

அவர் பொல்லாத மனிதர் இல்லை. பாரிசவாதத்தில் விழுந்த மாமிக்கு அந்த முன்னறை ஜன்னல்தான் உலகம். ஆனால் அந்தக் கேள்வி வீதி முழுக்கப் பரவியது. எஞ்சினியர் தாய் வீட்டைக் காப்பாற்றுகிறார் என்று பேச்சு எழுந்தது. வீதியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி முடிவுக்கு வராவிட்டால் அந்த வாயை விட்டுவிட்டு வேலையை முடியுங்கள் என்று மேலதிகாரி சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். விட்டால் முதல் பெருமழையிலேயே கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போகும். வெட்டிய கான் திறந்து கிடந்தது. பருவ மழைக்கு அதிக நாள் இல்லை.

அன்று பின்னேரம் நான் உங்கள் குசினியில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தீர்கள்.

"எங்கட வாசல்ல வை" என்றீர்கள்.

"தண்ணி இஞ்ச வராதம்மா. பள்ளம் அவையின்ர பக்கம்."

"வர வை. பேந்தென்னத்துக்கு உன்னைப் படிப்பிச்சனான்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீர் சொன்னதைக் கேட்கிற சாமானா? ஆனாலும் மறுநாள் விடிந்ததும் மட்டம் பார்க்கும் கருவியோடு இறங்கினேன். மாமாவின் கேற்றடியில் வீதியோரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, உங்கள் கேற்றடியைக் கொஞ்சம் தாழ்த்தினால் பள்ளம் இந்தப் பக்கம் நகரும். அதற்கு உங்கள் வாசற்படியை உடைக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. அதை உங்களை உட்காரவைத்துச் சொன்னேன்.

"மூடி அடைச்சா முதல்ல எங்கட விறாந்தைக்குத்தான் தண்ணி ஏறும்."

"அடைக்க விடமாட்டன்."

"ஒவ்வொரு மழைக்கும் வெளியில போய் நிக்கப் போறியளோ?"

"உள்ளுக்கு மட்டும் சும்மாவோ இருக்கிறன்?"

படியை உடைத்தபோது மாமா தன் கேற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அவர் வீட்டிலிருந்து வேலையாட்களுக்கு ஒரு தட்டு நிறைய வடை வந்தது.

கொங்கிரீட் காய்ந்த கையோடு மழை வந்தது. நான் அப்போது தலைமை அலுவலகத்தில் இருந்தேன். போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பஸ் பம்பலப்பிட்டியில் நகராமல் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். காலி வீதியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு கடையிலும் ஒதுங்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். என் கணக்கு ஒரு விரல் அளவு பிழைத்திருந்தாலும் உங்கள் விறாந்தை போய்விடும் என்று மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீதிக்குள் திரும்பியதும் கண்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர்க்குமாறால் கம்பி மூடியிலிருந்து சொப்பிங் பைகளையும் அலரி இலைகளையும் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். தில்லையம்பலம் மாமா உங்கள் தலைக்கு மேல் குடை பிடித்தபடி ஏசிக்கொண்டிருந்தார்.

"வழுக்கி விழுந்தா ஆர் பாக்கிறது? உள்ளுக்குப் போங்கோ."

"நீங்க குடையைச் சரியாப் பிடியுங்கோ."

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "இஞ்ச பார், சுழிச்சுக்கொண்டு இறங்குது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினீர்கள். அன்றைக்கு ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

நீங்கள் போனது மழையே இல்லாத மாசி மாதத்தில். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தீர்கள். நெஞ்சு என்றார் டொக்டர். அதற்கு முன்பே மாமி போய்விட்டார். மாமா இப்போது மகனோடு கனடாவில். உங்கள் வீட்டை ஒரு இளம் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று மழை வலுத்ததும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஒரு ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். உங்கள் வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. கம்பி மூடியின் மேல் தடித்த றப்பர் விரிப்பு. அது நகராமல் இருக்க இரண்டு பூச்சாடிகள். சாடிகளைத் தள்ளி விரிப்பை இழுத்தேன். தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. சத்தம் கேட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பெண் வெளியில் வந்தாள். மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. வாடகைப் பேச்சு எல்லாம் அவள் கணவனோடுதான் நடந்தது என்பதால் என்னைத் தெரியாது.

"யாருங்க நீங்க? அத ஏன் எடுக்கிறீங்க?"

சொன்னேன். வீட்டுக்காரி என்பதையும், அந்தக் கானைக் கட்டியதே நான்தான் என்பதையும், பக்கத்து வீட்டு மாமிக்காக இந்த இடத்தை நீங்கள் கேட்டு வாங்கியதையும் மழையில் நின்றே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் இப்ப இல்லீங்களே அக்கா. புள்ள இந்த முன் ரூம்லதான் தூங்குது. வெயில் அடிச்சா நாத்தம் தாங்க முடியல."

அவளிடம் கோபப்பட எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. மூடிக்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு போடலாம், தண்ணீர் வரும்போது திறந்து பிறகு தானாகச் சாத்திக்கொள்ளும் என்றேன். கொட்டாஞ்சேனையில் எல்லா வாய்க்கும் அதைத்தான் போடுகிறோம்.

"அப்ப இங்க மட்டும் ஏன் போடல?"

"அப்ப இந்தத் தகடு எங்கட திட்டத்தில இல்லை. பேந்தும் அம்மா ஒருநாளும் மணக்குதெண்டு சொல்லேல்ல."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "மக கட்டுனதுன்னு சொன்னீங்களே. எப்பிடிச் சொல்லுவாங்க?"

போனில் சொல்லிவிட்ட தகடு அந்தி சாயுமுன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேர்ந்தது. ஆளுக்குக் காத்திராமல் நானே மூடியைத் தூக்கி, முழங்கை வரை உள்ளே விட்டுப் பொருத்தினேன். அவள் குடை பிடித்தாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டேன். மழையும் விட்டுவிட்டது. ஆனால் என்னால் இன்னும் உட்கார முடியவில்லை, அம்மா. இந்தக் கடிதத்தையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இந்த ஆண்டு நான் குறி போட்ட ஒவ்வொரு வாசலிலும், ஆட்சேபம் சொல்லாமல் சிரித்த முகத்தோடு தலையாட்டி அனுப்பியவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாளைக்கு முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டப்போகிறேன்.