இரண்டு பெட்டியிலும் 'க'

உறைபெட்டியின் கீழ்த்தட்டைத் திறந்தால் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கிறது. புகை விலகியதும் உன் கையெழுத்து. நீ எழுதும் 'க' எப்போதும் வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். இடது பெட்டியில் எல்லாக் குழாயிலும் 'க'. வலது பெட்டியிலும் எல்லாக் குழாயிலும் 'க'. ஏண்டி இப்படிச் செய்தாய்?

ஒன்று கோத்தா திங்கியில், கிராமத்து வாசல்களில் மேயும் கம்பத்துக் கோழிகளிடம் நீ எடுத்த ரத்தத்திலிருந்து வந்தது. இன்னொன்று செனாய்ப் பண்ணையின் கறிக்கோழி. அந்தப் பண்ணைக்கு எப்போதும் நான்தான் போவேன், பிராய்லர் என்பதால் 'பி' என்று எழுதுவேன். அந்த வாரம் நான் கோலாலம்பூரில் மாட்டிக்கொள்ள, இரண்டு இடத்துக்கும் நீயே போனாய். உன் வாயில் அந்தச் சொல்லே வராது. "கறிக்கோழின்னு அழகா பேரு இருக்கும்போது பிராய்லர் என்னடி பிராய்லர்?" என்பாய். உன் திமிர்தான் இன்று என்னைக் கொல்கிறது. திமிர் மட்டுமில்லை. அன்று உனக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது, அது டிங்கிக் கொசுக்காய்ச்சல் என்று நம் இருவருக்கும் தெரியாது.

கம்பத்துக் கோழிகளை வளர்த்த மலாய்க்கார அத்தை மக்சிக் வீட்டு வாசலில் நீ கோழி பிடித்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. தலையைத் துண்டால் மூடி, இறக்கையை விரித்து நரம்பைத் தேடிக்கொண்டே, "டியாம் தங்கச்சி, டியாம்லா" என்று கொஞ்சினாய். உன் பேச்சில் சும்மா இரு என்னும் அந்த மலாய்ச் சொல் மட்டும் புரிந்து மக்சிக் விழுந்து விழுந்து சிரித்தார். கோழி நிஜமாகவே அடங்கியது.

அன்றே மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டாய். இந்தப் புரதத்தைச் செய் என்று செல்லுக்குள் ஒரு செய்தி வரும். இந்தச் சின்னத் துணுக்கு அதன்மேல் ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடும். "அதுக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான், டியாம்!" என்றாய். தடுப்பூசிக்குப் பிறகு எந்தக் கோழியின் வெள்ளை அணுக்களில் எந்த டியாம் கூடுகிறது என்பதுதான் நம் கேள்வி. கோழிக்குச் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு, அது கொஞ்சம் கலந்தாலும் முடிவு கெட்டுவிடும். ரத்தக் குழாயை இயந்திரத்தில் சுழற்றியதும் நடுவில் மெல்லிசாக நிற்கும் வெள்ளை அணுப் படலத்தை நீ உறிஞ்சி எடுக்கும்போது நான் மூச்சுவிடவே பயப்படுவேன்.

மறுபடி ரத்தம் எடுக்க வழியில்லை. மக்சிக்கின் கோழிகளை வெள்ளம் கூண்டோடு கொண்டுபோயிற்று. செனாய்க் கோழிகள் என்றைக்கோ கறியாகிவிட்டன. டிஎன்ஏவை வைத்து இனம் பிரிக்கலாம் என்றால், ஆர்என்ஏ எடுக்கும்போதே அதை ஒழுங்காக அழித்துவிட்டாய். சோதித்தால் இரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எது எந்தக் கோழி என்று தெரியாது.

"ஊகத்த எழுத முடியாதும்மா. வெள்ளிக்கிழமை ரெண்டு பெட்டியையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் ஆய்வுத் தலைவர். அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அழுகை வருகிறது. உன் கை பட்ட வேலையில் மிச்சம் இது ஒன்றுதான்.

வேறு வழி தெரியாமல் பாசிர் கூடாங் போய் உன் அம்மாவிடம் கேட்டேன், ஆஸ்பத்திரியில் கோழியைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று.

"பொட்டி, பொட்டின்னு என்னமோ சொல்ல வந்தாம்மா. மூச்சு வாங்குச்சு. டியாம்லா, நல்லானதும் பேசிக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஏம்மா, முக்கியமான விஷயமா?"

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை வெள்ளிக்கிழமை. புதுக் கோழிகள் என் கையில் பதறும்போது உன் சொல்லைத்தான் சொல்கிறேன், அடங்குகின்றன. என் நெஞ்சுக்குச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறது. இனி உன்னை யாரும் அடக்க மாட்டார்கள். சொல்லுடி, எது கம்பம்?