திரைக்கு வெளியே சொன்னது

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காள் புருஷன் சொல்லி எழுதுவது.

ஆற்றுப் பாலம் இடிந்து ஒன்பது நாள் ரயில் ஓடாத வருஷம் உனக்கு மறந்திருக்காது. என் மகளுக்கு முன்பல் விழுந்ததும் அதே வருஷம். என் கைராசி போனதும் அப்போதுதான்.

நான் நடமாடுகிறேன். கடல் தாண்டி மகன் வீட்டில் நீயும் நடமாடுவாய் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து தெரியாததால் மாடி வீட்டு நர்ஸம்மா எழுதுகிறார். மகளை எழுதச் சொன்னால் தாய்மாமன் மேல் அவள் வைத்த மதிப்பு போய்விடும்.

நம் மசாஜ் நிலையத்தில் முன்னறை உனக்கு, திரைக்குப் பின்னால் எனக்கு. எங்கே வலி என்று நீ கேட்டு, "இடது தோள், அத்தான்" என்று குரல் கொடுத்து அனுப்புவாய். உள்ளே வந்தவரிடம் பேசுவதில்லை என்று விதி வைத்தவன் நான்தான். பேசினால் தசை இறுகும் என்று நினைத்தேன்.

"உள்ளே இருக்கிறது சாதாரணக் கை இல்லீங்க, எழுந்து வரும்போது நீங்களே சொல்வீங்க" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கும். படுக்கும்போதே பாதி இளகியிருப்பார்கள். என் பெயரில் பாதி உன் வாய் வாங்கித் தந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் உன் குரல் தாழ்ந்தது. தொண்டைக்கட்டு என்றாய். அதே எண்ணெய், அதே கை. ஆனால் வந்தவர்கள் பலகை மாதிரி படுத்தார்கள், தொடுமுன்பே பல்லைக் கடித்தார்கள். எட்டு வருஷம் எனக்குப் பழகிய தபால்காரர் முதுகுகூட வழிவிடவில்லை. ஐந்து மாதத்தில் கை செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, கிடங்குக் காவலுக்குப் போனேன். நீ எதிர்த் தெருவில் கடை போட்டாய். படுக்கைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததும் நான்தான்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரி வரிசையில், அப்போது நம்மிடம் இடுப்பு வலிக்கு வந்துகொண்டிருந்த தையல்காரரைப் பார்த்தேன். "கோவிச்சுக்காதீங்க. கை தளர்ந்துடுச்சு, நரம்பு பிசகிடப்போகுது, பார்த்துப் படுங்கன்னு உங்க மச்சான் காதோரமாச் சொன்னார். அப்புறம் உடம்பை எப்படிங்க தளர விடுறது?" என்றார். உன் கடையில் ஒரே நாளில் சரியானதாம். "அங்கே அமுக்கினவன் அதுவரைக்கும் சைக்கிளுக்குக் காத்தடிச்சவன்" என்று சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடை போனதைக்கூட விடுகிறேன். உன் அக்காளுக்குக் கழுத்து பிடித்தபோது, "வேண்டாங்க, தம்பிகிட்டே போய்க்கிறேன்" என்றாள். கடைசியில் கால் மரத்துக் கிடந்தபோதும் என் கையை எடுத்துப் போர்வைக்கு மேலே வைத்துவிட்டாள். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று செய்தாள் என நினைத்திருந்தேன். இப்போது தெரியவில்லை.

அவளிடமும் அதைச் சொன்னாயா? அதை மட்டும் எழுது. இல்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன். உன்னை நம்பியே பழகிவிட்டவன் நான்.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் எழுதும்வரை நல்லபடியாக இரு. தபால்காரர் எப்போதோ போய்விட்டார். தையல்காரர் போன வாரம் போனார். அக்காள் போய் நாலு வருஷம். அந்த முன்னறையில் காதோரமாகப் பேசியதைக் கேட்டவர்களில், சொன்னவர்களில், எனக்குத் தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான்.