எரிந்து அணைய வேண்டிய விளக்கு

மக்கா,

இன்று காலை உன் காரின் பானெட்டைத் திறந்ததும் பழைய ஆயில் வாசம் வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொஞ்சம் ஓடவிடச் சொல்லி உன் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவள், சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் நாம் மாட்டிய சென்சார் இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது. நீ போய் ஐந்து மாதமாகிறது.

துபாயில் இருபது வருஷம் அடுத்தவர் கார்களை ஓட்டிவிட்டு, ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு கிழட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினாய். இரண்டே இருக்கை. பிள்ளைகள் இரண்டையும் எங்கே வைப்பாய் என்று நம்மூர் கருங்கல் சந்தையே கேட்டது. அவர்களுக்குத்தான் பஸ் இருக்கிறதே என்றாய். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கோ அதைப் பார்த்ததும் ஒரு பயம்தான். ஒரு பாகம் கெட்டால் எங்கே போய்த் தேடுவது?

பயந்தது நடந்தது. தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. உடனே இஞ்சினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டாய். ஆயில் பிரஷர் பார்க்கும் சென்சார்தான் கெட்டுப்போயிருக்கும், ஓட்டி வா என்றேன். நீ கேட்கவில்லை. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம். ஆயில் அளவு சரியாக இருந்தது. இஞ்சினில் ஒன்றுபோல இரண்டு சென்சார்கள். முதலாவதன் ஒயரைக் கழற்றியும் விளக்கு அணையவில்லை. மற்றதைக் கழற்றியதும் அணைந்தது. ஆள் இதுதான் என்று அதைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டி ஓடவிட்டோம். முள் நன்றாகவே ஏறி நின்றது. இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, பொய் சொன்னது சென்சார்தான். நான் அப்போதே சொன்னேனே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

புது சென்சார், துபாயிலிருந்து லீவுக்கு வந்த உன் மச்சான் பெட்டியில், பேரீச்சம்பழத்துக்கு நடுவே ஒரு காலுறைக்குள் வந்து சேர்ந்தது. ஆயில் கசியக்கூடாதென்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை அதன் மரையில் நாலு சுற்று சுற்றி முறுக்கினேன். நீ சாவியைத் திருப்பினாய். விளக்கு எரியவில்லை. வேலை முடிந்ததென்று நான் கை கழுவப் போய்விட்டேன்.

நீ இறங்கவே இல்லை.

"சந்தோஷப்படாத மக்கா. சாவி போட்டதும் இது எரியணும். இஞ்சின் ஓடின பெறவுதான் அணையணும். எரியவே இல்லன்னா, அதுக்குப் பேச முடியல்லன்னு அர்த்தம்."

குற்றவாளி என் டேப்புதான். அந்த சென்சாருக்கு எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி, கிடைப்பதே இஞ்சின் இரும்பைத் தொடும் மரை வழியாக. நடுவே டேப்பைச் சுற்றி நான் அதன் வாயைக் கட்டிவிட்டிருந்தேன். டேப்பை உரித்துப் போட்டு மறுபடி மாட்டினோம். விளக்கு எரிந்தது, இஞ்சின் ஓடியதும் அணைந்தது. ஒரு வாரம் என்னை பிளம்பர் என்றே கூப்பிட்டாய்.

இவ்வளவும் தெரிந்தவன் நீ. குறை சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் வெயிலைக் குறை சொல்கிறவனும் நீதான். மீன் குழம்பின் புளி, சர்ச்சில் பிரசங்கத்தின் நீளம், என் கடை டீ, எதையும் விட்டுவைத்ததில்லை. கடைசி சில மாதங்களில் அதெல்லாம் நின்றுபோனது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "சுகம் மக்கா" என்பாய். வயசாகி அடங்கிவிட்டான் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். உன்னை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் கிடைத்தன. ஆறு மாதமாக நெஞ்சுவலி. மைனிக்கும் தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் அதைவிட அதிகம்.

இன்று விளக்கு எரிந்து, ஒழுங்காக அணைந்தது. மைனியிடம் சொல்லிவிட்டுப் புறப்படலாமென்று வாசலுக்குப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கென்னண்ணே, ஒரு கொறையும் இல்ல."

அவள் முகத்தில் எதுவுமே இல்லை. முன்பென்றால் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் எழுந்து போகவில்லை, மக்கா.