மூன்றாம் அங்கத்துச் சட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்தை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மகள் வீட்டுக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நம் நாடகத்தைச் சினிமாவாக எடுத்தார்களே, பத்திரிகைகள் என்ன சொல்கின்றன, வெட்டி அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஏழு விமர்சனங்களை வெட்டி வைத்தேன். அனுப்பக் கை வரவில்லை. 

படம் மோசமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஏழு பேரும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மகன் இனி வரமாட்டான் என்று தெரிந்ததும் தாய் அழாமல், துவைத்த அவன் சட்டையை மடியில் போட்டு, உள்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும் சட்டைக் கையை வெளியே இழுத்து நேராக்குகிறாளே, அந்த இடம். 'மேடை இரண்டு பக்கம் கத்தியதை இயக்குநர் ஒரு சட்டையில் சொல்லிவிட்டார்' என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். நாடகப் புத்தகத்தில் இருக்கும் தாயின் இரண்டு பக்கப் புலம்பலைப் புரட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நாடகத்தை ஒரு நாளாவது வந்து பார்த்திருந்தால்தானே.

தாயாக நடித்த உங்களுக்கு மூன்றாம் அங்கத்தில் தொண்டை கட்டிக் குரலே போன அன்று, திரை மறைவில் பிராம்ப்டராக உட்கார்ந்து, அந்தப் புலம்பலின் முதல் வரியை மூன்று முறை எடுத்துக் கொடுத்தவள் நான். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடியில் போட்டு, அதன் கையை நேராக்கினீர்கள். அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை. நாடகம் எழுதியவர் உள்ளே வந்து, 'என் ரெண்டு பக்கத்தையும் முழுங்கிட்டியேம்மா' என்று குதித்தார். மறுநாள் அவரே சட்டை போதும் என்றார். அதற்குப் பிறகு எத்தனை மேடை, எல்லாவற்றிலும் சட்டைதான். அச்சில் மட்டும் புலம்பல் அப்படியே கிடக்கிறது. இந்த இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்து ஆறு தடவை பார்த்தவர். இப்போது வாயே திறக்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. போனில் சொல்லத் தைரியமில்லை. படத்துக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டு, ஜூஸ் கொடுத்து, மைக்கை நீட்டினார்கள். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க சொல்லுங்கம்மா' என்றார். நான் பல்லை இளித்துக்கொண்டு, 'மேடையில இதெல்லாம் முடியாதுங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். துணியின் நூல்வரை திரையில் தெரிவதைத்தான் சொன்னேன். அது உங்கள் சட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பேப்பரில், நாடகக் குழுவின் பிராம்ப்டரே ஒப்புக்கொண்டார் என்று என் படத்தோடு போட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் வரி எடுத்துக் கொடுத்தேன். எனக்கென்று இருந்த ஒரு வரியை விழுங்கிவிட்டேன். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி, என்னையும் நாலு வார்த்தை திட்டி, அந்தப் பேப்பர் ஆசிரியரிடம் நேரில் கொடுத்தேன். நடித்தவரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியிடுவோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

என்மேல் கோபமென்றால் போனில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் விரல்கள் இப்போது பேனாவைப் பிடிப்பதில்லை என்று மகள் சொன்னாள். அவளைக் கூடப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்து கோணினாலும் பரவாயில்லை அக்கா. அந்தத் தாளில் பெயரை முழுதாகப் போடுங்கள். இந்த வாரமே போடுங்கள்.

மன்னிப்புக் கேட்கவும் கூசும்,
உங்கள் தங்கை