ஒன்றேகால் அடி தாழ்ந்த வளையம்

என் ஆசை அக்காவுக்கு,

நீ இருந்தபோது நான் உனக்கு எழுதியதெல்லாம் மூன்று வரிதான். சுகம், வேலை அதிகம், அடுத்த லீவுக்கு வருவேன். "இது கடுதாசியா தந்தியா?" என்று கேட்பாய். இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது என்பதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லெச்சுமி தேறிவிட்டாள்.

பதுளைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக் குழுவில் ஓர் இடம், ஆறாம் வகுப்பில் ஒரு பெஞ்சு, ஹாஸ்டலில் ஒரு கட்டில். உன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போகும் முதல் பெண்பிள்ளை அவள். கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கியிருப்பாய். சந்தோஷம் வந்தால் உனக்குக் கை சும்மா இருக்காது.

ஆனால் அவள் தேறாமல் போகப் பார்த்தாள். அதற்குக் காரணம் நான். இந்தக் கடிதத்தைப் பள்ளி மலரில் போடலாமா என்று பதுளைப் பள்ளிக்கூடத்து ராசம்மா டீச்சர் கேட்டார். போடுங்கள் என்றேன். நாலு பேர் முன்னால் செய்த பிழையை நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த வருஷம் நீ ஒரு தோல் பந்தோடு வந்து இறங்கினாய். தோட்டத்தில் யாரும் அந்த விளையாட்டைக் கண்டதில்லை. கங்காணி வந்து கேட்டார்: "என்ன டீச்சரம்மா, பந்தக் கூடையில போடுறதுக்கு ஒரு படிப்பா? எங்க பொம்பளைங்க தெனமும் கொழுந்தக் கூடையிலதானே போடுறாங்க."

"அந்தக் கூடை முதுகுல தொங்குது கங்காணி. இது தலைக்கு மேல இருக்கு. அண்ணாந்து பாக்கணும்" என்றாய்.

நான் அப்போது டெக்னிக்கல் காலேஜில் சர்வே படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்த என்னிடம் வளையம் கேட்டாய். ஃபேக்டரியில் பழைய பீப்பாய்ப் பட்டையை வளைத்து வாங்கி, தேயிலைப் பெட்டிப் பலகையில் அறைந்து, காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்ற மரத்தில் மாட்டினேன். மரத்தடியிலிருந்து டேப் பிடித்துப் பத்து அடி. அரை மணி நேர வேலை. நீ கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"தம்பி, மட்டம் பாத்தியா?"

"எனக்கே சொல்லிக்குடுக்கிறியா? நான் படிக்கிறதே அதுதான்."

அதற்குமேல் நீ கேட்கவில்லை. ஏணியை மட்டும் விடவில்லை.

பிறகு பலகையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாய். வலப்பக்கம் மூலைவாக்கில் கொஞ்சம் தள்ளி, தரையில் ஒரு கல்லைப் பதித்தாய். கல்லில் நின்று பொட்டைப் பார்த்து எறிந்தால் பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழும். பிள்ளைகளை வளையத்தைப் பார்க்கவே விடமாட்டாய். "பொட்டப் பாரு, பொட்டப் பாரு." மூன்று வருஷம், காலைப் பெரட்டு கலைந்த பிறகு, அந்தக் குரல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது என்கிறார்கள்.

நீ காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. நான் வீதி இலாகாவில் ஓவர்சியராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர்களுடைய கூடைப்பந்துத் தரையை மட்டமெடுத்து, கம்பம் நட்டுக் கொடுத்தவன் நான். காலேஜில் விளையாடியவனும்கூட. ஆகவே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பரீட்சகனாக வரவேண்டும் என்று விளையாட்டு டீச்சர் ராசம்மா கேட்டிருந்தார். வெளிப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோடு இரண்டே இடம். உன்னிடம் வந்து சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "நம்ம புள்ளைங்க மூணு பேரு வருவாங்க. எனக்காக ஒரு மார்க்குகூட அதிகமாப் போட்டுறாத. அப்புறம் அதுங்க தேறுனாலும் நீ போட்டதுன்னுதான் பேசுவாங்க."

அதுதான் நீ என்னிடம் முழுதாகப் பேசிய கடைசிப் பேச்சு. அதை நான் சட்டமாக வைத்துக்கொண்டேன். உன் காரியம் முடிந்து ஒரு மாதத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

என் முறை உனக்குப் பிடித்திருக்கும், அக்கா. உயரத்துக்கு மார்க் போடச் சொன்னார்கள், முடியாது என்றேன். பன்னிரண்டு வயதில் உயரமான பிள்ளை மற்றவர்களைவிட ஆறு மாதம் முந்தி வளர்ந்தவள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் எல்லாம் மாறிவிடும். நான் பார்த்தது வேறு. ஓடிவந்தவள் எத்தனை அடியில் நிற்கிறாள்? பந்தை விரலால் வாங்குகிறாளா, உள்ளங்கையால் அறைகிறாளா? பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது தலை குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் வளையம். பாதி மார்க் அதற்கு.

லெச்சுமி மற்றக் கட்டங்களில் எல்லாரையும் தாண்டிவிட்டாள். இறக்கத்தில் ஓடி வளர்ந்த கால் அது. இரண்டே அடியில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். பட்டணத்துப் பிள்ளைகள் நாலடி சறுக்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தில் காட்டவில்லை.

பிறகு வலப்பக்கக் குறியில் நின்று பத்துப் பந்து. காலையில் மழை பெய்து தரையெல்லாம் செம்மண் சேறு. அவள் எறிந்தாள். பத்தும் பலகையில் பட்டு, வளையத்தின் ஓரத்தை இடித்து வெளியே விழுந்தன. உன் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கதி.

பூச்சியம் என்று எழுதினேன்.

"தம்பி, கொஞ்சம் பொறும்" என்றார் ராசம்மா டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "பூச்சியம் எடுக்கிற பிள்ளை மாதிரி உவள் எறியேல்லை."

"விழலன்னா பூச்சியந்தான் டீச்சர். வேற என்ன எழுதுறது?"

"உமக்குச் சரியான அவசரம்" என்று சொல்லி அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே லெச்சுமியின் அப்பா பெருமாள் நின்றிருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கை, தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தது. "திங்கக்கெழம பெரட்டுல இவ பேர வேலைக்குப் பதியச் சொல்லி கணக்கப்புள்ள ஐயா கேக்குறாருங்க. பதியலாமா வேணாமா, அத மட்டும் சொல்லிருங்க சார்." பேர் பதிந்தால் மறுநாளே முதுகில் கூடை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டியல் திங்கட்கிழமைதான் வரும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இழுத்தடிக்கப் பிடிக்காது. "கெடைக்காது. பதிஞ்சிருங்க" என்றேன். லெச்சுமி என்னைப் பார்க்கவில்லை. ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

எல்லாரும் போன பிறகு பலகையைக் கழுவ வாளியோடு போனேன். நானே சுண்ணாம்பு அடித்த பலகை, அழுக்காக விட மனமில்லை. ஏணியில் ஏறிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைப் பலகை முழுக்கச் செம்மண் தடம். பட்டணத்துப் பிள்ளைகளுடைய தடங்கள் அம்மைத் தழும்பு மாதிரி எங்கும் சிதறிக் கிடந்தன. வளையத்தின் ஓரத்துக்குச் சற்று மேலே மட்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தது. ஒரு சோற்றுத் தட்டை வைத்தால் மறைத்துவிடலாம். அது லெச்சுமி. அதைச் சுற்றிக் கொஞ்சம் பரவலாக, ஆனால் அதே உயரத்தில், மற்ற இருவரும். படவேண்டிய இடத்துக்கும் அந்தச் சேற்றுத் தடத்துக்கும் டேப் பிடித்தேன். ஒன்றேகால் அடி.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு கருவி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டினால் தூக்கி எறி. எப்போதும் ஒரே அளவு பிசகினால் அது நல்ல கருவி. அதற்குக் கொடுத்த குறியைப் போய்ப் பார். மூன்று பிள்ளைகளுக்கும் குறி கொடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை மட்டக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பசறை பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்தில் இறங்கி நேரே பெரட்டுக் களத்துக்குப் போனேன். லெச்சுமியைக் கூப்பிட்டு, உன் கல்லின்மேல் அளவுகோலைப் பிடிக்கச் சொன்னேன். பிறகு மரத்தடியில். உன் கல் மரத்தடியைவிட ஒன்றேகால் அடி உயரம், அக்கா. மரத்தடியிலிருந்து பார்த்தால் வளையம் பத்து அடி. பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து எட்டேமுக்கால். அதை நாம் யாரும் சரிவு என்றே நினைத்ததில்லை. மலையில் பிறந்தவன் கண்ணுக்கு அது சமதரை. கருவி வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நீ கேட்டாய்.

"சார், என்னா அளக்குறீங்க?" என்றாள்.

"நான் பண்ணுன தப்ப. நேத்து பந்து கீழ படுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் மேல தூக்கிப் போடல?"

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். "அங்க வளையத்த ஒசத்தி மாட்டிட்டாங்கன்னு நெனச்சேன். நம்ம வளையந்தான் சரி, என் தம்பி மட்டம் பாத்து மாட்டுனதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. தப்பா இருக்கிற வளையத்துக்காக நான் எதுக்கு மாத்திப் போடணும்?"

கருவியை மடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். கேட்டும் நீ என்னை நம்பினாய். அவள் உன்னை நம்பினாள். பட்டணத்து வளையத்துக்கு முன்னால் நின்றும் உன் சொல்லை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

லயத்தில் பெருமாளிடம் போய், நாளைக்குப் பேர் பதிய வேண்டாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "நேத்து பதிங்கன்னீங்க. இன்னிக்கி வேணாங்கிறீங்க. எந்தப் பேச்சுக்கு நான் நடக்குறது? நம்ம டீச்சர்னா ஒரே பேச்சா சொல்லிருப்பாங்க."

"அவுங்க ஒரே பேச்சுதான். தப்பு எம்மேல. ஒரு நாள் குடுங்க."

பெருமாள் மகளைப் பார்த்தார். "ஒரு நாளு" என்றார்.

திங்கள் காலையில் மூன்று பிள்ளைகளையும் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ராசம்மா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அட்டை பிழை என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உம்மட பிழையைப் பிள்ளையள் ஏன் சுமக்கவேணும்? பட்டியல் பின்னேரம் போடுவம். மூண்டு பேரையும் எறியச் சொல்லும். நீர் மார்க் போடவேண்டாம், நான் போடுறன்."

லெச்சுமியிடம் ஒன்றேகால் அடி மேலே என்று மட்டும் சொன்னேன். முதல் பந்து பலகையைத் தாண்டிப் போய்விட்டது. அவள் டீச்சரிடம் திரும்பினாள். "அங்கன ஒரு பொட்டு வச்சுத் தருவீங்களா?"

"உமக்கு வைச்சா எல்லாருக்கும் வைக்கவேணும்."

லெச்சுமி தலையாட்டினாள். வெறும் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் பொட்டை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வைத்துவிட்டாள். இரண்டாவது பந்து வளையத்தைச் சுற்றிவந்து உள்ளே விழுந்தது. பிறகு விழுந்துகொண்டே இருந்தது. பத்தில் எட்டு.

"உவளுக்கு ஆர் பழக்கினது?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன். அந்த இரண்டு சொல்லோடு, உருண்டு போன பந்தை எடுக்கப் போனேன். எனக்கு இருக்கிற வாய்க்கு அது பெரிய அதிசயம்.

மற்ற இருவரும் தேறவில்லை. உன்னிடம் மறைக்கமாட்டேன். ஒருத்தி பந்து வரும்போது கண்ணை மூடுகிறாள். இன்னொருத்தி நன்றாக எறிகிறாள், பந்தைப் பிறருக்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. இரண்டும் பழக்கினால் போகும். அடுத்த வருஷம் அவர்களை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என் அட்டையில் இப்போது ஒரு புதுக் கட்டம் இருக்கிறது: தவறும்போது எப்படித் தவறுகிறாள்? சிதறுகிறாளா, ஒரே இடத்தில் நிற்கிறாளா? பிள்ளைகளை எடைபோட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு மறுபடி தோட்டத்துக்குப் போனேன். உன் வளையத்தைக் கழற்றிச் சரியான உயரத்தில் மாட்டலாம் என்று ஏறினேன். சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கல்லருகே வரிசையில் நின்றார்கள். "அது எங்களுக்கு எட்டுது சார், கழட்டாதீங்க" என்றார்கள். கழற்றவில்லை. அடுத்த மரத்தில் புது வளையம் மாட்டினேன். பெருமாள் ஏணியைப் பிடித்துக்கொண்டார். உன் பொட்டு மழையில் கரைந்திருந்தது. இரண்டு பலகையிலும் புதிதாக வைத்தேன்.

மாதம் ஒரு ஞாயிறு அங்கே போவேன், அக்கா. இது சத்தியம். பெரிய பிள்ளைகளைத் தாழ்ந்த வளையத்திலிருந்து உயர்ந்த வளையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். பொறுமையாக இருப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன், நீயே நம்பமாட்டாய்.

புது வளையத்துக்கு மட்டம் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

நீ கேட்டதற்கு மூன்று வருஷம் கழித்துப் பதில் சொல்லும்,
உன் ஒரே தம்பி,
சண்முகம்